தண்ணீர் போகும் வழி தெரியாமல் ஹெட்டைக் கழற்ற வேண்டாம்

கேள்வி: ஐயா, நான் புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்து எழுதுகிறேன். மாமாவிடம் வாங்கிய பழைய டவுன்ஏஸ் டீசல் வேன் வைத்திருக்கிறேன், 2சி எஞ்சின். வார நாட்களில் ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றுகிறேன், சனி ஞாயிறில் ஹயர் ஓடுகிறேன். கம்பளை, கண்டி போய் வந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆட்களை ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்கு ஏறினால் றம்பொடை தாண்டியதும் சூடு காட்டும் ஊசி ஏறத் தொடங்கி, லபுக்கலை வரும்போது சிவப்புக்குக் கிட்டப் போய்விடுகிறது. நிறுத்தினால் ரேடியேட்டர் போத்தல் வழியாகக் கொதித்து ஊற்றுகிறது. இரண்டு நாளைக்கு அரை லீற்றர் தண்ணீர் குறைகிறது, பீலித் தண்ணீர் ஊற்றித்தான் ஓட்டுகிறேன். வண்டிக்குக் கீழே ஈரம் எதுவும் இல்லை. போன வருடம் ஒரு கராஜில் தர்மஸ்டட்டைக் கழற்றி விட்டார்கள். இப்போது ஒரு மெக்கானிக் பாஸ் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்கிறார். ஒயில் மூடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததைக் காட்டினார். காலையில் வெள்ளைப் புகையும் வருகிறது. இன்னொருவர் பெரிய ரேடியேட்டர் போடச் சொல்கிறார். ஹெட்டைக் கழற்றவா, வேண்டாமா?

பதில்: அன்புள்ள தம்பி, இப்போதைக்குக் கழற்ற வேண்டாம். ஹெட் என்பது எஞ்சினின் சிலிண்டர்களை மேலே மூடும் பகுதி, அதற்கும் கீழே உள்ள புளொக்குக்கும் நடுவில் கசியாமல் அடைத்து நிற்கும் தகடுதான் கேஸ்கட். ஹெட் நல்லாயிருக்கிறது என்று இங்கே இருந்து நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் ஹெட் போய்விட்டது என்று காட்டும் அத்தாட்சி ஒன்றுகூட இல்லை. தண்ணீர் குறைகிறது என்றால் அது எங்கேயோ போகிறது. போகும் வழியைக் கண்டுபிடிக்கும்வரை ஒரு சதமும் செலவழிக்காதீர்கள்.

முதலில் அந்த பாஸ் காட்டிய இரண்டு அடையாளங்களைப் பார்ப்போம். ஒயில் மூடியின் உள்ளே வெண்ணெய் மாதிரிப் படிவது நம் மலைநாட்டில் நல்ல எஞ்சினிலும் வரும். காலையில் பனிமூட்டம், எஞ்சின் குளிர்ந்து கிடக்கும், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நாலைந்து கிலோமீற்றர் ஓடி நிறுத்திவிடுகிறீர்கள். எஞ்சினுக்குள் இருக்கும் ஈரக்காற்று காய்ந்து வெளியேற நேரம் கிடைப்பதில்லை. அந்த ஈரம் குளிர்ந்த மூடியில் போய் ஒட்டி, ஒயிலோடு கலந்து வெள்ளையாகிறது. ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியை, அதாவது டிப்ஸ்டிக்கை, உருவிப் பாருங்கள். அதில் உள்ள ஒயிலும் பால் தேநீர் நிறத்தில் இருந்தால், அல்லது ஒயில் மட்டம் தானாகக் கூடியிருந்தால், அப்போது பயப்படலாம். டிப்ஸ்டிக் கறுப்பாகச் சுத்தமாக இருந்தால் மூடியில் உள்ளதைத் துடைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

வெள்ளைப் புகையும் அப்படித்தான். டீசல் எஞ்சின், குளிர் காலை, ஸ்டார்ட் செய்யும்போது சூடாக்கிக் கொடுக்கும் குளோ பிளக்கும் பழையது: புகை வரத்தான் செய்யும். எஞ்சின் நன்றாகச் சூடேறி இருபது நிமிடம் ஓடிய பிறகும் வெள்ளைப் புகை தொடர்கிறதா என்பதுதான் கேள்வி. அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒன்றும் இல்லை.

இனி நான் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி. அந்த அரை லீற்றர், மலை ஏறாத வார நாட்களிலும் குறைகிறதா? அல்லது நுவரெலியா போய் வந்த பிறகு மட்டும் குறைகிறதா? இந்த ஒரு பதில் பாதி வேலையை முடித்துவிடும். வார நாட்களில் குறையவில்லை என்றால், தண்ணீர் கொதித்து ரேடியேட்டர் மூடி வழியாகத்தான் வெளியே போகிறது. அப்போது ஏன் கொதிக்கிறது என்று பார்க்க வேண்டும். சும்மா கிடக்கும்போதும் பள்ளிக்கூடம் ஓடும்போதும் குறைகிறது என்றால் எங்கேயோ ஒழுகுகிறது. அந்த ஒழுக்கு முதலில், சூடு இரண்டாவது. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம், பழைய வண்டிகளில் பெரும்பாலும் அப்படித்தான்.

உங்கள் கடிதத்தை வாசித்தவுடன் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ரேடியேட்டர் மூடி. சின்னச் சாமான் என்பதால் யாரும் அதைப் பார்ப்பதில்லை. அது என்ன செய்கிறது என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் மலையில் வண்டி ஓட்டும் நமக்கு இது கொழும்புக்காரர்களைவிட முக்கியம்.

கடற்கரையில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், ஏறத்தாழ 300 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலையும் இறங்கும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும். ஏற்றத்தில் இழுக்கும் எஞ்சினுக்குள் தண்ணீர் 95 பாகைக்கு வருவது ஒரு குறைபாடே இல்லை, அது சாதாரணம். அப்படியானால் ஏன் எல்லா வண்டியும் லபுக்கலையில் கொதிப்பதில்லை? மூடி பிடித்து வைத்திருப்பதால்தான். உங்கள் வண்டி மாதிரி வண்டிகளின் மூடியில் 0.9 அல்லது 88 என்று ஒரு எண் பொறித்திருக்கும், இரண்டும் ஒரே அழுத்தம்தான், அலகுதான் வேறு. அந்த அளவு அழுத்தம் சேரும்வரை மூடி திறக்காது. அழுத்தம் இருந்தால் கொதிநிலை ஏறும். நல்ல மூடி போட்ட வண்டி நுவரெலியாவிலும் 115 பாகை வரை கொதிக்காமல் தாங்கும்.

மூடியின் ஸ்பிரிங் களைத்துவிட்டால் அந்த இருபது பாகைப் பாதுகாப்பும் போய்விடும். கண்டிக்குப் போய் வரும்போது ஒன்றும் தெரியாது. றம்பொடைக்கு மேலே ஏறும்போது இரண்டும் சேர்ந்து வரும்: எஞ்சின் கூடுதலாகச் சூடாகும், தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கத் தயாராக இருக்கும். கொதித்தால் நீராவி. நீராவி தண்ணீர் அளவுக்குச் சூட்டைக் கடத்தாது. அதனால் எஞ்சின் இன்னும் சூடாகும், இன்னும் கொதிக்கும், போத்தலில் ஊற்றும். நீங்கள் எழுதியிருப்பதும் இதுதானே.

மூடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன். அடியில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். ரேடியேட்டர் கழுத்தின் விளிம்பு அழுத்தி அழுத்தி அதில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் ஆழமாக, ரப்பர் கல் மாதிரி இறுகி, ஓரத்தில் வெடிப்பு இருந்தால் அது மூடும் வேலையைச் செய்யாது. நடுவில் ஒரு சின்னத் தட்டு இருக்கும். அதை நகத்தால் இழுத்து விட்டால் டக்கென்று திரும்பிப் போய் உட்கார வேண்டும். எஞ்சின் ஆறும்போது போத்தலில் உள்ள தண்ணீரைத் திரும்ப ரேடியேட்டருக்குள் எடுப்பது அந்தத் தட்டுத்தான். துரு பிடித்து ஒட்டிக்கொண்டால் அது திறக்காது. அப்போது மேல் ஹோஸ் காலையில் சப்பையாக ஒட்டிக் கிடக்கும். போத்தலுக்குப் போகும் சின்னக் குழாயில் வெடிப்பு இருந்தாலும் திரும்ப எடுக்கும்போது தண்ணீருக்குப் பதில் காற்றைத்தான் எடுக்கும். போத்தல் நிறைந்திருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். போத்தலைப் பார்த்துவிட்டு தண்ணீர் இருக்கிறது என்று நம்பி வண்டியை எடுப்பவர்கள் எத்தனையோ பேர். காலையில் மூடியைத் திறந்து கழுத்துவரை தண்ணீர் நிற்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

இந்த மூடி விஷயத்தில் எனக்கு ஒரு மனவருத்தம் உண்டு. கராஜ் தொடங்கிய புதிதில் தலவாக்கலைப் பக்கத்தில் இருந்து ஒருவர் இதே மாதிரி ஒரு வேனைக் கொண்டுவந்தார். மலையில் கொதிக்கிறது என்றார். நான் ஹெட் என்று முடிவு கட்டினேன். கழற்றி, லேத்துக்கு அனுப்பி, கேஸ்கட் மாற்றி, எல்லாம் பூட்டிக் கொடுத்தேன். ஒரு கிழமையில் திரும்பி வந்துவிட்டார், அதே கொதிப்பு. அன்றைக்குத்தான் மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஸ்பிரிங் துருப்பிடித்து உடைந்திருந்தது. அந்த மனிதர் மகளின் கல்யாணத்துக்குச் சேர்த்த காசில்தான் ஹெட் வேலைக்குக் கொடுத்திருந்தார். கூலியைத் திருப்பிக் கொடுத்தேன், ஆனால் லேத்துக்கும் சாமானுக்கும் போன காசு போனதுதான். அதற்குப் பிறகு மூடியையும் தண்ணீரையும் சோதிக்காமல் ஒரு ஹெட்டிலும் நான் ஸ்பானர் வைத்ததில்லை.

மூடி வாங்கும்போது பழைய மூடியில் உள்ள அதே எண்ணைப் பார்த்து வாங்குங்கள். கூடிய அழுத்தம் நல்லதுதானே என்று 1.1 போட்டால் முப்பது வருட ரேடியேட்டரின் பற்றுவைப்பு விடும், ஹோஸ் வெடிக்கும்.

அப்புறம் தர்மஸ்டட். அதைக் கழற்றி விட்டதால் உங்கள் பிரச்சினை தீரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன், அதனால் பிரச்சினை கூடியிருக்கும். நம் நாட்டில் இது பெரிய பழக்கமாகிவிட்டது. 'இது குளிர் நாட்டுக்குத்தான் தேவை, இங்கே எதற்கு' என்பார்கள். இந்த மாதிரி டொயோட்டா எஞ்சின்கள் பலவற்றில் தர்மஸ்டட்டுக்கு இரண்டு வேலை உண்டு. சூடேறியதும் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறப்பது ஒன்று. அதே நேரம் அதன் அடித்தட்டு இறங்கி, தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிவரும் குறுக்கு வழியை அடைப்பது மற்றது. தர்மஸ்டட் இல்லை என்றால் அந்தக் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். பம்ப் தள்ளும் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே திரும்பி எஞ்சினுக்குள் போகும். சமதரையில் மீதித் தண்ணீரே போதும். ஏற்றத்தில் போதாது. இதற்கும் மேலே, காலைக் குளிரில் எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் ஓடுவதால் டீசல் கூடுதலாகக் குடிக்கும், ஒயில் மூடியில் அந்த வெள்ளைப் படிவும் கூடும். அதனால் புதுத் தர்மஸ்டட் ஒன்று போடுங்கள், 82 என்று பொறித்தது. அதில் ஆடும் சின்ன ஊசி ஒன்று இருக்கும், அது மேல் பக்கம் வரும்படி பூட்டச் சொல்லுங்கள். காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும்.

போடுவதற்கு முன் அதை வீட்டிலேயே சோதிக்கலாம். நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியில் படாமல் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். 82 பாகை அளவில் மெல்ல வாயைத் திறக்கும். முழுதாகத் திறக்க 95 பாகை அளவு வேண்டும். நுவரெலியாவில் அடுப்பில் வைத்துச் சோதிப்பவர்கள் கவனியுங்கள்: அங்கே தண்ணீர் அந்தச் சூட்டுக்கு வருவதற்கு முன்பே கொதித்துவிடும். அரைகுறையாகத் திறந்து நிற்பதைப் பார்த்துவிட்டு புதுத் தர்மஸ்டட்டைக் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

இனி ஒழுக்கு. கீழே ஈரம் இல்லை என்பதால் ஒழுகவில்லை என்று நினைக்காதீர்கள். சூடான எஞ்சினில் சொட்டும் தண்ணீர் தரையில் விழும் முன் ஆவியாகிவிடும். ஆனால் தடம் விட்டுப் போகும். முன் சீட்டைத் தூக்கி எஞ்சினைத் திறந்து, டோர்ச் அடித்துப் பாருங்கள். வோட்டர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துவாரம் இருக்கும், பென்சில் முனை அளவு. அந்தத் துவாரத்தில் இருந்து கீழே செங்கல் நிறத்தில் அல்லது வெள்ளையாக ஒரு கோடு இறங்கியிருந்தால் பம்பின் சீல் போய்விட்டது. பம்பின் புல்லியைப் பிடித்து ஆட்டுங்கள், ஆட்டம் இருந்தாலும் அதே முடிவு. ஹோஸ் கிளிப்புகளின் ஓரம், ரேடியேட்டர் மேல் தொட்டி சேரும் விளிம்பு, எல்லா இடத்திலும் இந்தக் காய்ந்த தடத்தைத் தேடுங்கள். ஜப்பானில் இருந்து வந்த வேன்களில் ஹீட்டருக்குப் போகும் இரும்புக் குழாய்கள் உண்டு. பின் சீட்டுக்கும் ஹீட்டர் இருந்தால் குழாய் வண்டிக்கு அடியில் நீளமாக ஓடும், சேறு படிந்து அரித்துவிடும். இங்கே பலர் அந்த லைனை வெட்டி மடக்கிக் கட்டிவிடுவார்கள். உங்கள் வண்டியில் என்ன செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் பிரஷர் டெஸ்டர் வைத்திருக்கும் கராஜ் ஒன்றைத் தேடுங்கள். மூடிக்குப் பதிலாகப் பூட்டி, கையால் 0.9க்கு அடித்துவிட்டுப் பதினைந்து நிமிடம் பார்த்தால் போதும். முள் இறங்கினால் ஒழுக்கு இருக்கிறது. வெளியே எங்கேயும் ஈரம் இல்லாமல் முள் மட்டும் இறங்கினால் அப்போது ஹெட்டைச் சந்தேகிக்கலாம்.

ஹெட் கேஸ்கட்டை நேராகச் சோதிக்கும் முறைகளும் உண்டு, காசு செலவில்லாமல். முதல் நாள் மாலை நிறுத்திய வண்டியை அடுத்த நாள் விடிய ஸ்டார்ட் செய்யாமல் மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். இரவு முழுவதும் ஆறிய எஞ்சினில் அது தொளதொளவென்று இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் சிலிண்டரில் எரிந்த வாயுவின் அழுத்தம் உள்ளே தேங்கியிருக்கிறது, அது கெட்ட அடையாளம். அடுத்து, மூடியைத் திறந்து தண்ணீரைக் கழுத்துவரை நிரப்பி, ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து கழுத்துக்குள் பாருங்கள். முகத்தைத் தள்ளி வையுங்கள். முதலில் சில குமிழிகள் வரலாம், அது தேங்கிய காற்று, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். சோற்றுப் பானை கொதிக்கத் தொடங்கும்போது வருமே, அந்த மாதிரி சின்னச் சின்னக் குமிழிகள் நிற்காமல் வந்து, எக்சிலேட்டரை அமுக்க அமுக்கக் கூடினால், எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது. அப்போது பாஸ் சொன்னது சரி. இதை உறுதிப்படுத்த நீல நிறத் திரவம் ஊற்றிய ஒரு கண்ணாடிக் குழாயைக் கழுத்தில் வைத்துச் சோதிப்பார்கள், எரிந்த வாயு பட்டால் நிறம் மாறும். பெரிய கராஜ்களில் இருக்கும். கழற்றுவதற்கு முன் இந்தச் சோதனையைக் கேட்பது உங்கள் உரிமை, அதற்கு எந்த நல்ல பாஸும் கோபிக்க மாட்டார்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், உங்கள் எஞ்சின் 2சி. இரும்பு புளொக், மேலே அலுமினிய ஹெட். சூடு கூடினால் இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. வால்வுகளுக்கு நடுவில் மயிரிழை மாதிரி வெடிப்பு விழுவது இந்த ஹெட்டுகளுக்குப் பழகிய நோய். நல்ல ஹெட்டைத் தேவையில்லாமல் கழற்றினால் பழைய போல்ட், அதன் பழைய மரை, எல்லாம் தொந்தரவு தரும். கெட்ட ஹெட் என்றால் கழற்றத்தான் வேண்டும், அப்போது லேத்தில் தேய்ப்பதற்கு முன் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். வெடித்த ஹெட்டைத் தேய்த்துப் பூட்டி ஒரு மாதத்தில் திரும்ப வந்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். இந்த வகை டீசல் எஞ்சின்களுக்கு ஹெட் கேஸ்கட் வெவ்வேறு தடிப்பில் வரும், ஓரத்தில் உள்ள வெட்டு அடையாளங்களைக் கொண்டு பிரித்தறிவார்கள். பழைய கேஸ்கட்டை எறிந்துவிடாமல் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

பெரிய ரேடியேட்டர் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கம்பனி போட்ட அளவு இந்த எஞ்சினுக்குப் போதும், அடைப்பு இல்லாமல் இருந்தால். வெளியே இருந்து சேறும் பூச்சியும் தகடுகளுக்கு இடையே அடைத்திருக்கும். ஏசி இருந்தால் அதன் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில்தான் அதிகம் சேரும். எஞ்சின் பக்கத்தில் இருந்து வெளிப் பக்கமாக மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், அழுத்தம் கூடினால் தகடுகள் மடங்கும். உள்ளே துரு அடைத்திருந்தால், எஞ்சினைச் சூடாக்கி நிறுத்திய பிறகு ரேடியேட்டரின் முகத்தைக் கையின் புறத்தால் தொட்டுப் பார்த்தால் தெரியும், ஓரிடம் சுடும், ஓரிடம் குளிர்ந்து கிடக்கும். பித்தளை ரேடியேட்டர் என்றால் தொட்டியைக் கழற்றிக் குழாய்களைக் குத்திச் சுத்தம் செய்து திரும்பப் பற்றுவைத்துத் தருவார்கள். ஃபேனையும் பாருங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது நிறுத்திவிட்டு ஃபேனைக் கையால் சுழற்றினால் கொஞ்சம் இறுக்கம் தெரிய வேண்டும், விஸ்கஸ் கப்ளிங், அதாவது உள்ளே கெட்டியான திரவத்தால் ஃபேனைப் பிடித்து இழுக்கும் இணைப்பு, உள்ள ஃபேன் என்றால். தட்டினால் காற்றாடி மாதிரி பல சுற்றுச் சுற்றினால் அது மெதுவாக ஏறும் நேரத்தில் போதிய காற்றை இழுக்காது. பெல்ட் தளர்ந்திருந்தாலும் அப்படித்தான்.

இப்போது பீலித் தண்ணீர். தம்பி, அதை நிறுத்துங்கள். பீலித் தண்ணீரைக் குறைத்துச் சொல்லவில்லை, அதைக் குடித்துத்தான் நாம் வளர்ந்தோம். ஆனால் எஞ்சினுக்குள் ஒவ்வொரு தடவையும் புதுத் தண்ணீர் ஊற்றும்போது புதிதாகக் காற்றும் நுண்ணிய மண்ணும் சேர்ந்து போகிறது. இரும்பு துருப்பிடிக்கிறது, அலுமினியம் அரிக்கிறது, அந்தத் துருதான் ரேடியேட்டரில் அடைகிறது. கூலன்ட் பனி உறையும் நாட்டுக்குத்தான் என்று நினைப்பவர்கள் அதிகம். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை, நமக்குத் தேவையானது துருவைத் தடுப்பது, பம்பின் சீலைக் காப்பது, கொதிநிலையைச் சில பாகை உயர்த்துவது. பாதிக்குப் பாதி கலந்தால் போதும், கலக்கும் தண்ணீர் பேட்டரிக்கு ஊற்றும் சுத்த நீராக இருக்கட்டும். கலந்தே விற்கும் கூலன்ட் என்றால் அதற்கு மேல் தண்ணீர் சேர்க்க வேண்டாம். முழுக்கக் கூலன்ட்டே ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைக்காதீர்கள், தனிக் கூலன்ட் தண்ணீர் அளவுக்குச் சூட்டைச் சுமக்காது. நிறத்தைப் பார்த்து இரண்டு வகையைக் கலக்கவும் வேண்டாம். ஒழுக்கை அடைத்த பிறகு ஊற்றுங்கள், இல்லாவிட்டால் காசுதான் ஒழுகும்.

ஊற்றும்போது வண்டியின் முன் பக்கத்தை ஏற்றத்தில் நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டு எஞ்சினை ஓட விடுங்கள். இடையிடையே மேல் ஹோஸை அமுக்கி விடுங்கள். எஞ்சின் சீட்டுக்குக் கீழே இருக்கும் வேன்களில் காற்று தேங்கி நிற்பது சர்வசாதாரணம். காற்று தேங்கிய இடத்தில் ஊசியும் பொய் சொல்லும். ஏற்றத்தில் சிவப்புக்குப் போன ஊசி திடீரென்று கீழே இறங்கினால் நிம்மதிப் பெருமூச்சு விடாதீர்கள். தண்ணீர் சென்சரை விட்டு இறங்கியிருக்கலாம், எஞ்சின் உள்ளே வறண்டு எரிந்துகொண்டிருக்கும். உடனே நிறுத்துங்கள்.

பழைய கூலன்ட்டை வடிக்கும்போது ஒரு வாளியில் பிடியுங்கள். இனிப்பாக இருக்கும், நாய் நக்கும், சின்னப் பிள்ளைகள் கை வைப்பார்கள், அது நஞ்சு. கானிலோ ஆற்றிலோ ஊற்ற வேண்டாம். லயத்துக்கு மேலே கொட்டுவது கீழே இருக்கும் பீலியில்தான் வந்து சேரும்.

ஒழுக்குக்கு மஞ்சள் தூள் போடும் பழக்கமும் நம்மிடம் உண்டு. நடுவழியில் வேறு வழி இல்லாமல் வீடு வந்து சேர ஒரு தடவை செய்தால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த நாளே கழுவி எடுக்க வேண்டும். ஒழுகும் துவாரத்தை அடைக்கும் அதே தூள் ரேடியேட்டரின் மெல்லிய குழாயையும் அடைக்கும்.

ஓட்டும் விதத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். டீசலை மிச்சம் பிடிக்கலாம் என்று மூன்றாவது கியரில் எஞ்சினைத் திணறவிட்டு ஏறுவார்கள். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் பம்பும் ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும், ஆனால் சுமை முழுவதும் எஞ்சினில் இருக்கும். இரண்டாவது கியருக்கு இறக்கி, ஆக்சிலேட்டரை மிதமாகப் பிடித்து எஞ்சினைச் சுலபமாகச் சுற்ற விடுங்கள். ஏசியை அணையுங்கள். ஊசி பாதியைத் தாண்டி ஏறத் தொடங்கினால் ஹீட்டரை முழுதாகத் திறந்து ஜன்னலை இறக்குங்கள், ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். அதற்கும் அடங்கவில்லை என்றால் அகலமான இடம் பார்த்து நிறுத்துங்கள். ஆவி வரவில்லை, தண்ணீர் வெளியே ஊற்றவில்லை என்றால் இரண்டு மூன்று நிமிடம் சும்மா ஓட விட்டு அணையுங்கள், ஃபேன் சூட்டைக் கொஞ்சம் இழுத்துவிடும். தண்ணீர் ஊற்றத் தொடங்கிவிட்டால் அந்த இடத்திலேயே அணையுங்கள்.

அணைத்த பிறகு மூடியைத் தொடாதீர்கள். முக்கால் மணி நேரமாவது காத்திருங்கள். என் வலது கையில் முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரை ஒரு தழும்பு இருக்கிறது. இருபது வயதில், ஏற்றிவந்த ஆட்கள் அவசரப்படுத்தினார்கள் என்று சூடான மூடியைத் துணி போட்டுத் திறந்தேன். துணி தாங்கவில்லை. மூன்று கிழமை அந்தக் கையால் சோறு பிசைய முடியவில்லை. அதோடு சூடான எஞ்சினுக்குள் குளிர்ந்த பீலித் தண்ணீரைக் கவிழ்த்தால் அலுமினிய ஹெட் அந்த நிமிடத்திலேயே வெடிக்கலாம். இதுவரை உங்கள் ஹெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், இனிமேல் ஆகாமல் பார்த்துக்கொள்வது இதில்தான் இருக்கிறது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வேனின் விலை எங்கே போனது என்று உங்களுக்குத் தெரியும். 2025இல் திரும்பத் திறந்தும், தோட்டத்தில் இருந்து ஒரு வேனை மாற்றிப் புதிது எடுப்பது எல்லாருக்கும் முடிகிற காரியம் இல்லை. இந்த வேன்தான் உங்கள் வீட்டுச் சோறு. அதனால் அவசரப்படாமல் ஒழுங்காகச் செய்யுங்கள். நாளை காலை மேல் ஹோஸையும் மூடியையும் டிப்ஸ்டிக்கையும் பாருங்கள், காசு செலவில்லை. மூடியும் தர்மஸ்டட்டும் மாற்றுங்கள், இரண்டின் விலையும் ஹெட் வேலைக்குப் பக்கத்திலும் நிற்காது. பிறகு திங்கள் முதல் வெள்ளி வரை, காலையில் எத்தனை கிண்ணம் தண்ணீர் ஊற்றினீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். அதுவரைக்கும் நுவரெலியா ஹயர் எடுக்க வேண்டாம். வேன் நிறையப் பிள்ளைகளோடு கொதிக்கும் எஞ்சின் முன் சீட்டுக்குக் கீழே இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முன் சீட்டில் பிள்ளைகளை இப்போதைக்கு உட்கார வைக்காதீர்கள்.

அந்தக் கொப்பியில் உள்ளதையும், காலையில் ஹோஸ் இறுக்கமாக இருந்ததா தளர்வாக இருந்ததா என்பதையும் எழுதி அனுப்புங்கள். குமிழி வந்திருந்தால், ஹெட்டைக் கழற்றும்போது லேத்தில் என்னென்ன கேட்டுச் செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதுகிறேன்.